பல்லும் சொல்லும்

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்றும், நாலும் இரண்டும் சொல்லுக்கு உறுதி என்றும் நம் முன்னோர் பல்லையும் சொல்லையும் ஒரே பழமொழியிற் பிணைத்து வைத்தனர். இஃது ஓசை நயத்துக்காகச் செய்த பிணைப்பு என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். வகுப்பறையிலும் மாணாக்கருக்கு அவ்வாறே விளக்கம் கூறிவந்தோம். பல்லைக் காப்பதும் சொல்லைக் காப்பதும் ஒரே காரியமாய் வந்து நிற்கும் வேளையும் வாழ்க்கையில் உண்டு என்பதைச் சென்ற ஆண்டிலே ஒரு சனிக்கிழமை, பல் வைத்தியர் சிலர் கூடிய கூட்டமொன்றில் அமர்ந்திருந்தபோதுதான் உணர்ந்தோம். தமிழாசிரியராகிய எமக்குப் பல் வைத்தியர் கூட்டத்தில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

எமது ஊர் வேலணைத் தீவிலுள்ள சாட்டி. வெண்மணற் கடற்கரையைக் காண வருவோரும், சிந்தாத்திரை மாதா கோயிலுக்கு வருவோரும் இவ்வூரை அறிவர். ஆனால் தீவகத்து மக்கள் சாட்டியை நினைப்பது பெரும்பாலும் தண்ணீரை முன்னிட்டே. சுற்றிலும் உவர் நீர் மிகுந்த இப்பகுதியில், சாட்டியின் மணலுக்கடியிலே நன்னீர் கிடைக்கிறது. மாரி மழை மணலில் இறங்கி, அடியில் நிற்கும் உப்புநீரின்மேல் ஒரு படையாக மிதந்து நிற்கிறது. அளவோடு இறைத்தால் இனிக்கும். அளவு மீறினால் உப்பு மேலேறும். பலர் குடிக்கும் நீராதலால், கிணற்றடியிலே சவர்க்காரம் போடவும் எமது பாட்டனார் எவரையும் விட்டதில்லை. "ஒருவன் கைப்பிழை ஊருக்குப் பிணி" என்பார். அவ்வார்த்தை பின்னர் எமக்கே திரும்பி வரும் என்று அப்போது நாம் அறியோம்.

எம்மிடம் தமிழ் படித்த மாணவி ஒருத்தி இன்று பல் வைத்தியராக இருக்கிறாள். பேராதனையிலே பயின்றவள். இலங்கையில் பல் வைத்தியக் கல்வி 1943-இல் கொழும்பிலே தொடங்கிப் பின்னர் பேராதனைக்குச் சென்றது. அங்கே பாடம் யாவும் ஆங்கிலத்தில். ஆனால் அவளிடம் வாயைத் திறந்து காட்டுவோர் பேசுவது தமிழ். ஆதலினால், கற்றதைத் தமிழிலே சொல்லவேண்டுமென்ற ஆவலினால், முகநூலிலும் யூடியூபிலும் பல் நலம் பற்றி எழுதியும் பேசியும் வருகிறாள். இவ்வாறு எழுதும் வைத்தியர்கள் இருபது பேர் வரையில் யாழ்ப்பாண நகரிலே ஒரு நாள் கூடிப் பேசவிருப்பதாகவும், சொற்களைப் பற்றிய ஐயங்களைத் தீர்க்க ஒரு தமிழாசிரியர் வேண்டுமென்றும் கூறி, எம்மை அழைக்க நேரிலேயே சாட்டிக்கு வந்தாள்.

அன்று அவளுக்குத் தேநீரும் புழுக்கொடியலும் கொண்டுவந்து வைத்தவர் எமது அக்கா. அக்காவின் பிள்ளைகள் கனடாவில் இருக்கின்றனர். அவர் எம்முடன் வாழ்கிறார். புழுக்கொடியலைக் கண்டதும் எமக்கு எமது ஐயாவின் நினைவு வந்தது. எழுபது வயதிலும் அதனை முறித்துக் கடித்து, "பல்லிருக்கும் மட்டும் பனையிருக்கும்" என்று சிரித்தவர் அவர். மாணவி ஒரு துண்டை எடுத்துக் கடித்தவாறே, "நீங்களும் எடுங்கோ அம்மா" என்றாள்.

"எனக்கு உதெல்லாம் இப்ப கடிக்க ஏலாது பிள்ளை. வாய் முந்தின மாதிரித் திறக்குதில்லை. காரமும் எரியுது" என்றார் அக்கா.

அவள் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். "எவ்வளவு நாளாய்?"

"மூண்டு நாலு மாசம் இருக்கும். வெத்திலைச் சுண்ணாம்பு சுட்டது. தம்பி அனுப்பின மருந்துதான் செய்யிறன்."

தம்பி என்று அவர் குறித்தது எம்மை. நாம் எந்த மருந்தை அனுப்பினோம்? எமக்கு நினைவில்லை. அக்கா தமது தொலைபேசியை எடுத்துக் காட்டினார். எங்கள் குடும்பத்தார் யாவரும் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவிலே, நாமே அனுப்பிய செய்தியொன்று அங்கே இருந்தது. மணத்தக்காளி இலையும் தேங்காய்ப்பாலும் தேனும் கலந்து வாயில் அடக்கிவந்தால், வாயில் வரும் எந்தப் புண்ணும் ஆறிவிடும் என்பது அதன் சாரம். எழுதியவர் பெயர் இல்லை. படித்தவுடன் பத்துப் பேருக்கு அனுப்புமாறு இறுதியில் ஒரு வேண்டுகோள் மட்டும் இருந்தது. எமக்கு யாரோ அனுப்பினார்கள்; பாதி வாசித்தும் வாசியாமலும் நாம் அதனை மேலும் தள்ளிவிட்டிருக்கிறோம். ஒரு விநாடி வேலை!

மாணவி அக்காவை முற்றத்து வெளிச்சத்துக்கு அழைத்துச் சென்று, கைத்தொலைபேசியின் விளக்கைப் பிடித்து வாயைப் பார்த்தாள். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் விடச் சொன்னாள், இரண்டே நுழைந்தன. வெற்றிலையை அடக்கும் இடக் கன்னத்தின் உட்புறம் நகத்தளவில் வெண்படலம் ஒன்று படிந்திருந்தது. தேய்த்தும் அது அகலவில்லை. "நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்கோ அம்மா, நானும் நிற்பன்" என்று மட்டும் சொன்னாள். படலையடியில் எம்மிடம் விளக்கம் தந்தாள். பாக்கு நெடுநாள் உறுத்துவதால் கன்னத்தின் உட்தசை இறுகி, வாய் திறப்பது குறையும். வெண்படலம் சிலருக்குப் புற்றுநோயின் முன்னறிகுறியாக இருக்கக்கூடும். சிறு துண்டு வெட்டிச் சோதித்தாலன்றி எதுவும் சொல்ல இயலாது என்றாள்.

அக்காவுக்கு வெற்றிலை முப்பது ஆண்டுப் பழக்கம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அத்துடன் ஒரு நறுக்குப் புகையிலை. எங்கள் நாட்டில் மங்கலமும் மரியாதையும் வெற்றிலைத் தட்டத்திலன்றோ தொடங்குகின்றன! புகையிலைதான் கெடுதி, பாக்கு பழுதில்லை என்று நாமும் எண்ணியிருந்தோம். புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004-இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியிருப்பதை மாணவி சொல்லியே அறிந்தோம். இலங்கை ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களில் முன்னணியில் நிற்பது வாய்ப்புற்றுநோய் என்பதையும் அவளே சொன்னாள். இத்தனை கற்றும் இதனை அறியாதிருந்தோமே என்று நாணினோம். அறியாமையை விடவும் எம்மை வருத்தியது அந்த ஒரு விநாடி வேலை.

கன்னத்துத் துண்டைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த வாரத்திலேதான் அக்கூட்டம் வந்தது. போவதா விடுவதா என்று தயங்கினோம். "நீ இஞ்சை இருந்து என்ன செய்யப்போறாய்? போட்டு வா" என்றார் அக்கா.

சனிக்கிழமை காலை பஸ் அல்லைப்பிட்டியைக் கடந்து பண்ணைப் பாலத்தில் ஏறியது. இருபுறமும் ஆழமற்ற கடல். அதிலே வரிசையாக நட்ட களங்கண்டித் தடிகள். எதிரே கோட்டை மதில். பஸ்ஸில் இருந்தோரிற் பலர் தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தனர். முன்னிருக்கைப் பெண்மணி ஏதோ ஒன்றை வாசித்துவிட்டு விரலால் ஒருமுறை தட்டி அனுப்பினார். என்ன அனுப்பினாரோ, யாருக்கு அனுப்பினாரோ! எமது நெஞ்சு திடுக்கிட்டது.

கூட்டத்தில் இளைஞரே மிகுதி. மட்டக்களப்பிலிருந்து இருவரும் சென்னையிலிருந்து ஒருவரும் திரையின் வழியே சேர்ந்துகொண்டனர். முதலில் சொற்களைப் பற்றிய பேச்சு. 'ஈறு அழற்சி' என்று எழுதினால் எங்கள் ஊர்ப் பாட்டிக்கு விளங்காது. 'முரசு வீக்கம்' என்றால் விளங்கும். 'பல்வலி' என்பது புத்தகச் சொல்; இங்கே நோயாளி கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சொல்வது 'பல்லுக்கொதி.' சென்னை வைத்தியர் சொத்தைப் பல் என்றார். நாம் சூத்தைப் பல் என்போம். எதனை எழுதுவது என்று எம்மைக் கேட்டனர். நோவுள்ளவன் எச்சொல்லால் முனகுகிறானோ அச்சொல்லை முதலில் எழுதுங்கள், நூற்சொல்லை அதன் பின்னால் வையுங்கள் என்றோம்.

அப்போது மானிப்பாயை நினைவூட்டினோம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழைக் கற்று, மானிப்பாயிலே எம்மவர்க்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே போதித்தார். 'அங்காதிபாதம்', 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. 1873-இல் தாயகம் மீண்ட பின்னரும் தமிழ் மருத்துவ நூற்பணியை விடாது செய்து, 1884-இல் மறைந்தார். இன்று நீங்கள் தொலைபேசியிற் செய்ய முயல்வதை அவர் அச்செழுத்திற் செய்தார் என்றோம். இளைஞர் முகங்கள் மலர்ந்தன.

அடுத்து, எத்தகைய செய்தியை மக்கள் விரும்பிப் பார்க்கின்றனர் என்ற பேச்சு எழுந்தது. பல்லை வெண்மையாக்கும் வழி என்றால் கூட்டம் கூடுகிறது. வாய்ப்புற்றுநோய் என்றால் விலகுகிறது என்று ஒருவர் வருந்தினார். தேசிக்காய்ப் புளியும் கரியும் தேய்த்துப் பல்லை வெளுக்கவைக்கும் காட்சி எங்கும் பரவுகிறதாம். புளியின் அமிலம் பல்லின் மேலுறையாகிய மிளிரியைக் கரைக்கிறது. கரித்தூள் அதனை அராவுகிறது. தேய்ந்துபோன மிளிரி மீண்டும் வளர்வதில்லை. வெண்மை தேடிப் போனவனுக்குச் சில ஆண்டுகளில் கூச்சமும் மஞ்சள் நிறமுமே மிஞ்சும். எங்கள் வீட்டு உமிக்கரியையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஆனால் கராம்பெண்ணெய்க்கு நியாயம் வழங்கினர். அதிலுள்ள சத்து நோவை மரக்கச் செய்வது மெய்யே. அதனைப் பல் வைத்தியரும் தற்காலிக அடைப்புகளிற் பயன்படுத்துகின்றனர். எனினும் அது நோவை அடக்குமேயன்றிச் சூத்தையைத் தீர்க்காது. பழையன யாவும் பொய்யுமல்ல, புதியன யாவும் மெய்யுமல்ல என்ற நிதானத்தைக் கண்டு மகிழ்ந்தோம்.

மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பழுதாகும் என்ற அச்சத்தைப் பற்றி ஒரு பெண் வைத்தியர் பேசினார். பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இதனைப் பத்துமுறை எழுதியும் அச்சம் போகவில்லை என்றார். பாற்பல் விழப்போவதுதானே என்று பெற்றோர் அலட்சியம் செய்வதை மற்றொருவர் எடுத்துரைத்தார். இருபது பாற்பற்களும் பின்வரும் பற்களுக்கு இடம் பிடித்து வைப்பன. உரிய காலத்துக்கு முன் பாற்பல் போனால், வரும் பல் கோணலாகலாம். புளோரைட்டு கலந்த பற்பசையால் நாளுக்கு இருமுறை, அதிலும் படுக்குமுன் தவறாமல், துலக்கவேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவு பசை போதும் என்றார். நாம் எமது பேரளவான பழக்கத்தை எண்ணி வாய் மூடியிருந்தோம்.

பின்னர் ஓர் இளம் வைத்தியர் எழுந்தார். "இரவு பன்னிரண்டு மணிக்கும் வாயைப் படம் எடுத்து அனுப்புகினம். என்ன மருந்து எண்டு கேக்கினம். மறுமொழி எழுதாட்டி மனம் கேக்குதில்லை. எழுதினால் பிழைச்சுப் போகுமோ எண்டு பயம். என்ன செய்யிறது?" என்று கேட்டார். எவரும் உடனே விடை கூறவில்லை.

இறுதியில் எம்மைப் பேச அழைத்தனர். மரபுச் சொற்களைப் பற்றி நான்கு பக்கம் குறிப்பு எழுதிச் சென்றிருந்தோம். அதனைச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டு, அக்காவின் கதையைச் சொன்னோம். பெயரில்லாத செய்தி, பாதி வாசிப்பு, ஒரு விநாடி வேலை, நான்கு மாதத் தாமதம், இன்னும் வந்து சேராத சோதனை முடிவு யாவற்றையும் ஒளிக்காமற் சொன்னோம். "அச்செய்தியை அக்கா நம்பியது அது தொலைபேசியில் வந்ததனால் அன்று. படித்த தம்பி அனுப்பினான் என்பதனால் நம்பினார். எழுதியவனை அவர் அறியார், அனுப்பியவனையே அறிவார். ஆகவே, எழுதியவன் பாவத்திலே பாதி அனுப்பியவனுக்கும் உண்டு" என்றோம். மண்டபத்தில் மின்விசிறியின் ஓசை தவிர வேறு ஓசை இல்லை.

எமது பழைய மாணவி எழுந்தாள். "சேர், மணத்தக்காளியிலை பிழையில்லை. சாதாரண வாய்ப்புண் தன்பாட்டிலேயே ஒன்றிரண்டு கிழமையிலை ஆறிவிடும். பிழையான சொல் ஒன்றுதான். 'எந்தப் புண்ணும்' எண்டு எழுதினாங்களே, அந்த 'எந்த'" என்றாள்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அண்மையாகத் தமிழ் கற்பித்த எமக்கு, ஒரு வினாச் சொல்லின் கனத்தை எமது மாணவி கற்பித்தாள்!

அன்று மாலை கலைவதற்கு முன் அவர்கள் தமக்குள் சில உறுதிகள் செய்துகொண்டனர். எழுதுவதன் கீழே தம் பெயரும் தகுதியும் திகதியும் இடுவது. நோயாளியின் வாயைப் படமாகக் காட்டுவதாயின் அவர் சம்மதம் பெறுவது. எல்லாம், எந்த, ஒருபோதும் என்னும் சொற்களை அஞ்சிக் கையாள்வது. பார்க்காத வாய்க்கு மருந்து சொல்லாதிருப்பது. நள்ளிரவு வினாவுக்கும் விடை கிடைத்தது. மருந்தின் பெயரை எழுதாமல், எப்போது எங்கே வந்து வாயைக் காட்டவேண்டும் என்பதை எழுதுவது. முகமோ கழுத்தோ வீங்கி, விழுங்கவும் மூச்சுவிடவும் வருத்தமாயின் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வது. வாயைப் பற்றிய எந்த எழுத்துக்கும் கடைசி வரி ஒன்றாக இருக்கட்டும் என்றும் தீர்மானித்தனர். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புப் படலமோ, வாய் திறப்பதிற் குறைவோ இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள் என்பதே அவ்வரி. இங்கே 'எந்த எழுத்துக்கும்' என்று நாம் எழுதியது அறிந்தே எழுதியதாகும்.

எட்டு நாள் கழித்து முடிவு வந்தது. புற்றுநோய் அன்று, ஆனால் அதன் வழியிலே ஓரடி வைத்த மாற்றம் என்றனர். வெற்றிலையையும் பாக்கையும் புகையிலையையும் அறவே விடவேண்டும். வாயைத் திறக்கும் பயிற்சி நாள்தோறும் செய்யவேண்டும். குறித்த தவணைகளில் வந்து காட்டவேண்டும். இன்னும் காலம் தாழ்த்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நாம் கேட்கவில்லை. வைத்தியரும் சொல்லவில்லை.

அன்றிரவு குடும்பக் குழுவிலே நாம் ஒரு செய்தி எழுதினோம். முன்னர் நாம் அனுப்பியது ஆராயாமல் அனுப்பியது. அதனால் அக்காவுக்கு நான்கு மாதம் வீணாயிற்று. அதனை மற்றவர்க்கு அனுப்பியோர் அவர்களுக்கும் இதனை அறிவியுங்கள் என்று எழுதி, கீழே எம் பெயரையும் திகதியையும் இட்டோம். அந்தக் கடைசி வரியையும் சேர்த்தோம். கனடாவிலிருந்து மருமகன் ஒருவன் தொலைபேசியில் அழைத்து, தன் கன்னத்திலும் நாட்பட்ட புண் ஒன்று உண்டென்றும் அதனைக் காட்டப் போவதாகவும் சொன்னான். பாட்டனார் காத்த கிணற்றடி எம் நினைவில் வந்து நின்றது.

அக்கா வெற்றிலையை விட்டு இப்போது ஏழு மாதம். முதல் மாதம் எம்முடன் சரியாகப் பேசவில்லை. தட்டம் சுவாமியறைக்குப் போய்ப் பூ வைக்கும் தட்டமாயிற்று. பாக்குவெட்டி எங்கே போயிற்றென்று எவரும் கேட்பதில்லை. புழுக்கொடியலை இடித்து மாவாக்கித் தேங்காய்ப்பூவுடன் சாப்பிடுகிறார். இரண்டு விரலோடு மூன்றாவது விரலின் நுனியும் இப்போது நுழைகிறது என்று தவணைக்குப் போய்வந்த நாளிற் காட்டினார்.

குழுவில் எது வந்தாலும், நாம் அனுப்பியதாயினும், அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடிவரை வாசிக்கிறார். பின்னர் எம்மை நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார்:

"தம்பி, உது ஆர் சொன்னது?"